பனியா, சாம்பலா?

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு செந்தூரா நிற்கிறது. அப்பா வைத்த மரம், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நத்தம் பக்கம் மாமரம் இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும், அதனால் இதில் பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் தை மாதம் அது இலை தெரியாமல் பூத்தது. மாசி முடிவதற்குள் அத்தனை பூவும் கருகி, வெறும் காம்பு காம்பாக நின்றது. ஊறுகாய்க்கு ஒரு படி வடு தேறவில்லை.

“பனி ஜாஸ்திய்யா இந்த வருசம். பூவு பூராம் கருகிப்போச்சு” என்றாள் அம்மா.

ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுகிறவர்கள்கூட மார்கழிப் பனியைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். பனி இறங்கினால் விலையும் இறங்கும். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மதுரையில் வேலை, சனி ஞாயிறு மட்டும் ஊர். மரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

அந்த வருடம் என்னவோ தோன்றி, ஏணி போட்டு ஏறிக் கருகிய கொத்துகளுக்கு நடுவில் இன்னும் பச்சையாக இருந்த ஒன்றை ஒடித்து எடுத்து வந்தேன். செந்தூராவின் பூக்காம்பு இளஞ்சிவப்பாக இருக்கும். இதில் அந்தச் சிவப்பே தெரியவில்லை. கோலமாவு டப்பாவுக்குள் விட்டு எடுத்த மாதிரி காம்பெல்லாம் வெள்ளை. விரலால் தேய்த்தேன், மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. தேய்த்த இடத்தில் காம்பு பழுப்பாக, செத்த தோலாக இருந்தது. ஃபோன் கேமராவை நெருக்கிப் பிடித்துப் பெரிதாக்கினால் மாவு இல்லை, நூல். சிலந்திவலையை விட மெல்லிய நூல்கள் பின்னிக் கிடந்தன, அவற்றின்மேல் நெட்டுக்குத்தலாகக் குச்சி குச்சியாக என்னவோ நின்றது. மொட்டுகள் விரியவே இல்லை. அந்த வெள்ளைக்குள் மூச்சு முட்டி அப்படியே காய்ந்திருந்தன.

பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார்: “சாம்பலு மாப்ளே. இனிமே அடிச்சு என்ன பண்ண? ஒரு மாசத்துக்கு முன்ன அடிச்சிருக்கணும்.”

ஒரு மாதத்துக்கு முன்னால் மரத்தில் வெள்ளை எதுவுமே இல்லையே, எதைப் பார்த்து அடிப்பது என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதன் முழு அர்த்தம் விளங்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

சாம்பல் நோய் ஒரு பூஞ்சை. மாமரத்தில் வருவதை 1914-ல் முதலில் விவரித்துப் பெயர் வைத்தது பிரேசிலில். மாவின் பூர்வீகம் நம் பக்கம், அதன் நோய்க்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது அந்தப் பக்கம். ரோஜாவில், திராட்சையில், இலந்தையில், வெண்டையில், பூசணிக் கொடியில் வருவதும் சாம்பல்தான், ஆனால் எல்லாம் ஒரே ஆள் இல்லை. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள், ஒவ்வொருவருக்கும் தனி வீடு. வாசலில் தொட்டியில் இருந்த ரோஜாவில் வெள்ளை பூத்தபோது, அதுதான் மாமரத்துக்குத் தாவியது என்று நினைத்துத் தொட்டியைத் தெருவுக்கே நகர்த்தினேன். ரோஜாச் சாம்பல் மாவில் பிழைக்காது என்று பிற்பாடுதான் தெரிந்தது. தொட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுவர இரண்டு பேர் தேவைப்பட்டது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பூஞ்சை என்றாலே ஈரம், மழை, நசநசப்பு என்று நினைக்கிறோம். மற்ற பல பூஞ்சைகளின் வித்துகள் இலைமேல் தண்ணீர் நின்றால்தான் முளைக்கும். சாம்பலுக்கு அது வேண்டாம். காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும், காய்ந்த இலையிலேயே முளைத்துவிடும். நீரில் நனைந்தால் அந்த வித்துகளுக்குச் சேதம்தான். அதனால்தான் நல்ல மழை பெய்தால் சாம்பல் மட்டுப்படும். ரோஜாவுக்குக் காலையில் இலை மேலேயே பளிச்சென்று தண்ணீர் அடித்துக் கழுவினால் கொஞ்ச நாளைக்கு அடங்கும். அதே தண்ணீரை நித்தமும் அடித்தால் கரும்புள்ளி நோய் வந்து உட்காரும், அது வேறு தொல்லை.

சாம்பலுக்குப் பிடித்தது குளிர்ந்த இரவு, இதமான பகல், ஈரக் காற்று. இருபத்து மூன்று டிகிரியை ஒட்டி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். வெயில் ஏற ஏற ஒடுங்கிவிடும். மார்கழி, தை மாதத்து நத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பனி விழுவதும் அதே இரவுகளில்தான், மா பூப்பதும் அதே நாட்களில்தான். அம்மா பனியைக் குற்றம் சொன்னது, திருடன் வந்த நேரத்தில் தெருவில் நின்றவனைப் பிடித்த கதைதான். ஆனாலும் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பனி இறங்கும் இரவு சாம்பலுக்கும் வாகான இரவு. பனி அதிகமென்று ஊர் சொல்லும் வருடம், சாம்பலும் அதிகமாக இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. காரணம் தவறு, கணிப்பு சரி.

அது மரத்தைக் கொல்லவும் வருவதில்லை. உயிருள்ள திசுவில்தான் அதனால் வாழ முடியும். மேல்தோலின் மேலேயே படர்ந்துகொண்டு, உறிஞ்சு குழல் போல ஒன்றைச் செல்லுக்குள் இறக்கிச் சாறு குடிக்கும். முற்றிய இலையின் தடித்த தோல் அதற்கு ஆகாது. தளிரும் பூவும்தான் இலக்கு. பூ இல்லாத மாதங்களில் மரத்திலேயே, பழைய நோய்பட்ட இலைகளிலும் மொட்டுகளிலும் ஒதுங்கிக் கிடக்கும். பூங்கொத்து நீள ஆரம்பித்ததும் எழுந்துகொள்ளும். ஒரு வித்து விழுந்து, முளைத்து, படர்ந்து, அடுத்த தலைமுறை வித்துகளைக் காற்றில் விட ஒரு வாரம் கூட ஆகாது. நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும்போது அது இரண்டு மூன்று தலைமுறையைப் பார்த்து முடித்திருக்கும். “ஒரு மாசத்துக்கு முன்ன” என்று மாமா சொன்னது இதைத்தான்.

இரண்டாம் வருடம் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்து வாங்கப் போகவில்லை, இயற்கை முறை என்று முடிவெடுத்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். நாலு நாளில் வெள்ளை தெரிந்ததும் பயந்து போய், நனையும் கந்தகம், அதாவது கடையில் சல்பர் பவுடர் என்று கேட்டால் கொடுப்பார்களே அது, வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அடித்தேன். திங்கட்கிழமை பஸ் பிடிக்க வேண்டும், எனக்கு வேறு நேரம் இல்லை. அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் தளிரின் ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தது, பூங்கொத்துகளின் நுனி கருகியிருந்தது. சாம்பல் செய்திருக்க வேண்டிய வேலையை அதற்கு முன்பே நான் செய்துவிட்டேன்.

இரண்டு தப்பு. எண்ணெய் அடித்த மரத்துக்கு இரண்டு வாரமாவது போகாமல் கந்தகம் அடிக்கக்கூடாது, கந்தகம் அடித்த மரத்துக்கு எண்ணெயும் அப்படித்தான். எண்ணெய், கந்தகத்தைத் திசுவுக்குள் இழுத்துப் போய்ச் சுட்டுவிடும். அடுத்தது, கந்தகம் சூட்டில் ஆவியாகித்தான் பூஞ்சையைக் கொல்கிறது. மிதமான சூட்டில் மருந்து, முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் நெருப்பு. காலையில் பனி உலர்ந்த பிறகு, அல்லது வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். இது பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது. எழுத்து சிறிசு, அதைவிட என் பொறுமை சிறிசு.

கந்தகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதன் கதை பழையது. இங்கிலாந்தில் மார்கேட் என்ற கடற்கரை ஊரில் எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர், 1845-ல் கண்ணாடி வீட்டுத் திராட்சையில் வெள்ளை மாவு படிந்திருப்பதைப் பார்த்தார். அவர் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து போட்டுப் பார்த்தார், அடங்கியது. 1847-ல் பெர்க்லி என்ற பாதிரியார் அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தபோது டக்கரின் பெயரையே சூட்டிவிட்டார். கண்டுபிடித்தவரைக் கௌரவிப்பதாக நினைத்து நோய்க்கு அவர் பெயரை வைப்பது என்ன மரியாதையோ! சில வருடங்களில் அது பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை எல்லாம் படுக்க வைத்தது. 1852-ல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் கிரிசோன், கந்தகத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கொதிக்க வைத்து எடுத்த கரைசல் அங்கே பெயர் பெற்றது. இத்தனை வருடமாக அடித்தும் கந்தகத்துக்குப் பூஞ்சை பழகிப் போகவில்லை. அது செல்லுக்குள் ஒரே இடத்தைத் தாக்காமல் பல இடத்தில் அடிக்கிறது, எதற்கென்று தப்பிப்பது? செடிக்குள் ஊடுருவிப் போகும் புதிய மருந்துகள் அப்படியில்லை. அவற்றையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும்.

மூன்றாம் வருடம் எல்லாவற்றையும் கடையிலேயே கேட்டு வாங்கினேன். கடையில் சாம்பலுக்கு ஒன்று, தத்துப்பூச்சிக்கு ஒன்று, பிஞ்சு பிடிக்க டானிக் ஒன்று, ஒட்டுப்பசை ஒன்று என்று நாலு பாட்டில் எடுத்து வைத்து, “எல்லாத்தையும் ஒரே டேங்க்ல கலந்து அடிச்சிருங்கண்ணே” என்றார்கள். மரம் அப்போது முழுப் பூ. சாயங்காலம்தான் அடித்தேன், அதில் தப்பு இல்லை. ஆனால் மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்களும் சின்னத் தேனீக்களும்தான். மறுநாள் காலையில் மரத்தடியில் நின்றபோது வழக்கமான ரீங்காரம் இல்லை. தரையில் கறுப்பாகச் சிதறிக் கிடந்தன. அந்த வருடம் சாம்பல் வரவில்லை, பிஞ்சும் வரவில்லை. பூ சுத்தமாக இருந்தது, பார்க்க அழகாக இருந்தது, அழகாகவே உதிர்ந்தது.

அதற்குப் பிறகுதான் மாமாவிடம் போய் ஒழுங்காக உட்கார்ந்து கேட்டேன். அவர் மருந்துப் பெயரைப் பற்றிப் பேசவே இல்லை, நாளைப் பற்றித்தான் பேசினார். “கொத்து உன் நடுவிரல் நீளம் வந்திருச்சா? மொட்டு பச்சையா இருக்கா? அன்னிக்கு அடி. வெள்ளை இருக்கா இல்லையான்னு பாக்காத.” பரிந்துரைகளில் 8 முதல் 10 செ.மீ. என்று போட்டிருப்பதும் அந்த நடுவிரல் கணக்குத்தான். அப்போது பூ விரிந்திருக்காது, ஈயும் வந்திருக்காது. முதல் முறை நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், அதாவது பதினைந்து லிட்டர் டேங்குக்கு 30 கிராம். என் மரத்துக்கு ஒரு டேங்க் சரியாக இருக்கும். பதினைந்து நாள் கழித்து, பூ முழுதாக விரிவதற்குள், வெள்ளை எங்காவது தெரிந்தால் மட்டும் ஹெக்சகோனசோல் என்ற ஊடுருவும் மருந்து லிட்டருக்கு 1 மி.லி. தெரியாவிட்டால் அதுவும் வேண்டாம். பூ விரிந்திருக்கும் நாட்களில் எதுவும் அடிப்பதில்லை. பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும், பனி இன்னும் இருந்தால், இன்னொரு முறை கந்தகம். அவ்வளவுதான்.

வீட்டில் அப்பாவின் இரும்புப் பெட்டியில் பழைய வேளாண்மைத் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. மாச் சாம்பலுக்கு அவற்றில் டைனோகேப், டிரைடிமார்ப் என்று எழுதியிருக்கும். டிரைடிமார்ப் 2018-லும் டைனோகேப் 2023-லும் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டன. அந்தப் பிரசுரங்கள் இன்னமும் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகின்றன, பல தோட்டக் குழுக்களில் நானே பார்த்தேன்.

மோர், பால் பற்றிக் கேட்பவர்களுக்கு: பால் விளையாட்டில்லை. பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் 1999-ல் பாலைத் தண்ணீரில் கலந்து சுக்கினி என்ற பூசணி வகைச் செடியின் சாம்பலுக்கு அடித்து, நன்றாகக் கட்டுப்படுவதைக் காட்டினார். நான் ரோஜாவுக்குப் பத்துக்கு ஒன்று என்று பால் கலந்து வாரம் ஒருமுறை வெயில் நேரத்தில் அடிக்கிறேன், கேட்கிறது. புளித்த மோரும் ஓரளவு கேட்டது, ஆனால் வாசலில் நின்று பேச முடியவில்லை. முப்பது வயது மாமரத்துக்குப் பால் அடிப்பதென்றால் முதலில் மாடு வாங்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மாமரத்தில் எது கருத்தாலும் சாம்பல் என்று சொல்லிவிடுகிறார்கள். விரலால் தேய்த்துப் பார்த்தாலே தெரியும். வெள்ளையாக மாவு வந்தால் சாம்பல். இலைமேல் கரி பூசிய மாதிரி கறுப்பாக இருந்து, நகத்தால் சுரண்டினால் படலமாக உரிந்து, கீழே இலை பச்சையாகவே இருந்தால் அது கரும்பூசணம். அது மரத்தைத் தின்பதில்லை, தத்துப்பூச்சியும் செதில் பூச்சியும் விடும் தேன் போன்ற கழிவில் வளர்கிறது. பூச்சியை விரட்டாமல் பூசணத்துக்கு மருந்து அடிப்பது வெட்டி வேலை. அந்தக் கறுப்பை எடுக்க ஒரு வேடிக்கையான வைத்தியம் உண்டு: ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, இருபது லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் அடிப்பது. போஸ்டர் ஒட்டும் பசைதான். காய்ந்ததும் அப்பளம் போலப் பொருக்காகி, கறுப்பையும் சேர்த்துக்கொண்டு உதிர்கிறது. தேய்த்தால் மாவும் வராமல் படலமும் உரியாமல், புள்ளி இலையோடு இலையாகவே கருத்திருந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற வேறொரு பூஞ்சை நோய். மழையும் ஈரமும் அதற்குத்தான் வேண்டும். பழுக்கும்போது பழத்தில் கறுப்பு கறுப்பாகப் பள்ளம் விழுவதும் அதன் வேலைதான். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பிஞ்சு கொட்டினாலே நோய் என்று பதறுவதும் வேண்டாம். மாவின் ஒரு பூங்கொத்தில் ஆயிரம் முதல் ஆறாயிரம் பூ வரை இருக்கும். கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்று பழுத்தாலே மரம் நன்றாகக் காய்த்ததாகக் கணக்கு. மற்றதெல்லாம் உதிரத்தான் செய்யும். உதிர்வதில்தானே வடு ஊறுகாய்!

போன வருடம், அதாவது நாலாம் வருடம், மாமாவின் கணக்குப்படி அடித்தேன். அதற்கு முன் ஆடியில், காய்ப்பு முடிந்த கையோடு, நடுவில் நெருக்கமாக இருந்த கிளைகளைக் கழித்துவிட்டேன். வீட்டுச் சுவரை ஒட்டிய பக்கம் வெயிலே விழாது, சாம்பல் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். அம்மாவுக்கு மரத்தில் அரிவாள் வைப்பது பிடிக்காது, இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மார்கழி கடைசியில் முதல் கொத்து நடுவிரல் நீளம் வந்தது ஒரு புதன்கிழமை. அம்மா வீடியோ காலில் கொத்தைக் காட்டினாள், பக்கத்தில் தன் விரலையும் வைத்து. நான் அரை நாள் லீவு போட்டு வந்து அடித்தேன்.

என் கைத்தெளிப்பானுக்கு எட்டும் உயரம் அவ்வளவுதான். உச்சியில் ஓர் ஆறடிக்கு மருந்து போகவில்லை. அது நல்லதாகப் போயிற்று. கீழே கொத்துகள் சிவப்பாக நின்றபோது உச்சி வெளுத்துக் கருகியது. ஒரே மரம், ஒரே பனி. அம்மாவைக் கூப்பிட்டு மாடியிலிருந்து காட்டினேன். பார்த்தாள். “உச்சியிலதான பனி மொதல்ல விழும்” என்றாள். அந்த வருடம் இரண்டு ஜாடி வடு போட்டோம், சித்தி வீட்டுக்கும் கொடுத்தோம்.

இந்த வருடமும் அதே நாள், அதே அளவு. ஒரு முறைதான் அடித்தேன், இரண்டாவதற்குத் தேவை வரவில்லை. கீழே நன்றாகவே பிடித்திருக்கிறது. போன வாரம் மாடிக்குப் போய் உச்சியைப் பார்த்தேன். ஒரு சொட்டு மருந்து படாத உச்சிக் கிளைகளிலும் வெள்ளை இல்லை, கோலிக்குண்டு அளவில் பிஞ்சு தொங்குகிறது. அப்படியென்றால் நான் அடித்ததே தேவையில்லையோ என்னவோ.

கீழே இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்திலிருந்து நிமிரவே இல்லை.

“அதான் மார்கழியிலயே சொன்னேனே, இந்த வருசம் பனி கம்மின்னு.”